சொல்லாமல் விட்ட ஒரு சொல்

தமிழ் சிஸ்டர் கரும்பலகையில் "தொழிலிடத்தில் பயிற்சி" என்று எழுதி, "ஆண்டு மலருக்கு இந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை வேண்டும்" என்று சொன்னபோது, எங்கள் வகுப்பில் பலரும் முகம் சுளித்தார்கள். "இது பெரியவர்கள் விஷயம் சிஸ்டர், மழையைப் பற்றியோ சுற்றுலாவைப் பற்றியோ எழுதுகிறோமே" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது. நாங்கள் மட்டும் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டோம். அந்தத் தலைப்பு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்தது போலிருந்தது.

"நாங்கள்" என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். இதை எழுதும் பேனா ஒருத்தியின் கையில் இருந்தாலும், இதில் சொல்லப்போகும் குற்றம் இருவருக்கும் சொந்தம். ஆகவே "நான்" என்று எழுத மனம் வரவில்லை.

எங்கள் ஊர் வெள்ளகோவில். கோவையிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி செல்லும் சாலையில், காங்கேயத்தைத் தாண்டினால் வரும் ஊர். இன்று திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மழை குறைவான பூமி. கிணற்றுத் தண்ணீரை நம்பி முருங்கையும் தென்னையும் வளர்ப்பவர்கள் ஒரு பக்கம்; எண்ணெய் ஆலைகளும் விசைத்தறிகளும் ஒரு பக்கம். மாலையில் எங்கள் தெருவில் நடந்தால், பேச்சுச் சத்தத்தை விடத் தறிச் சத்தமே முதலில் காதில் விழும். எங்கள் அப்பாவும் சில தறிகள் வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கிறவர்தாம். கரூரிலிருந்து பாவும் நூலும் வரும். படுக்கை விரிப்புத் துணியாகத் திரும்பிப் போகும். அந்தத் தறிக் குடோன்தான் எங்கள் படிப்புக்கும், உடுத்திக்கொண்டு வரும் இந்தச் சீருடைக்கும் சோறு போடுகிறது.

சென்ற கோடை விடுமுறையில் நடந்தது இது.

தார் சுற்றிக்கொண்டிருந்த பாட்டிக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. அவருக்குப் பதிலாக ஓர் அக்கா வேலைக்கு வந்தார். அதுவரை முருங்கைக் காட்டில் காய் பறிக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். காய்ப்பு ஓய்ந்து வேலை நின்றுபோனதால், யாரோ சொல்லி எங்கள் குடோனுக்கு வந்தார். இயந்திரத்தின் அருகே நின்றது அதுதான் அவருக்கு முதல் தடவை. தறி ஓடும் சத்தத்தைக் கேட்டு முதல் நாள் வாசற்படியிலேயே சற்று நேரம் நின்றுவிட்டார். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். அவரைப் "புது அக்கா" என்றே கூப்பிட்டோம். பெயர் என்ன என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

தோழியரில் தறியைப் பார்க்காதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றி, அந்தத் தாரை நாடாவுக்குள் வைப்பார்கள். நாடா பாவுக்கு நடுவே இப்படியும் அப்படியுமாக நிமிடத்திற்கு நூறு தடவைக்கு மேல் பாயும். பெரிய கோனில் வரும் நூலைச் சிறிய தார்களில் சுற்றிவைப்பதுதான் தார் சுற்றும் வேலை. பார்வைக்கு மிகவும் எளிது. தறிகளுக்குப் பக்கத்தில் எங்களை அப்பா விடமாட்டார். ஆனால் விடுமுறை நாட்களில் தார் சுற்றும் மெஷினண்டை பாட்டியோடு உட்கார்ந்து உட்கார்ந்து, அந்த வேலை எங்கள் கைகளுக்குத் தானாக வந்திருந்தது.

அன்று அப்பாவுக்குக் கரூர் போகும் அவசரம். எங்களைக் கூப்பிட்டு, "பாப்பா, அந்த அக்காவுக்குத் தார் சுத்தறதக் காட்டிக் குடுங்க சாமி. நா பொழுதோட வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

நாங்களும் காட்டிக் கொடுத்தோம். எப்படித் தெரியுமா? எங்கள் கை வேகத்தை அவர் வியக்க வேண்டும் என்பதற்காகக் காட்டினோம். ஒருத்தி கோனை மாட்டினாள்; ஒருத்தி குச்சியைச் செருகினாள்; நூலை இழுத்துவிட்டோம்; தார் நிரம்பியதும் அறுத்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "இவ்வளவுதானுங்க்கா, தெரிஞ்சுதா?" என்று கேட்டோம். அவர், "தெரிஞ்சுதுங்க கண்ணு" என்றார். நாங்கள் வீட்டுக்குள் போய்த் தாயம் ஆட உட்கார்ந்துவிட்டோம்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டோம். எல்லா நூலும் ஒரே பருமன் அல்ல. நூலுக்கு நம்பர் உண்டு. 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுவே அந்த நூலின் நம்பர். 16-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 13,440 கஜம்; 20-ஆம் நம்பர் என்றால் 16,800 கஜம். நம்பர் கூடக் கூட நூல் மெலிசாகும். இரண்டு நம்பர் நூலும் வெள்ளைதான். இரண்டும் ஒரே அளவுக் கோனில்தான் வரும். பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் கோன் அட்டையின் நுனிக்கு வெவ்வேறு நிறம் கொடுத்திருப்பார்கள். அந்த வாரம் எங்கள் குடோனில் இரண்டு நம்பர் நூலும் அடுத்தடுத்த மூட்டைகளில் இருந்தன. நிறத்தைப் பார்த்து எடுக்க வேண்டும் என்ற அந்த ஒரு சொல்லை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. எங்களுக்கு அது தெரிந்திருந்ததால், அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் என்றே நினைக்கவில்லை.

புது அக்கா இரண்டு மூட்டையிலிருந்தும் எடுத்துச் சுற்றிவைத்தார். இரவு ஷிப்டில் தறி ஓட்டிய அண்ணனும் மங்கலான வெளிச்சத்தில் கவனிக்கவில்லை. துணி கரூர் போய்ச் சேர்ந்து, அங்கே மேசையில் விரித்துப் பார்த்தபோதுதான், அங்கங்கே தடிப்பும் மெலிவுமாகப் பட்டை விழுந்திருந்தது தெரிந்தது. ஏறக்குறைய 200 மீட்டர் திரும்பி வந்துவிட்டது.

அப்பா அன்று போட்ட சத்தத்தை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. "கண்ணு தெரியலையா உனக்கு? ரெண்டு நூலுக்கும் வித்தியாசம் தெரியாமயா வேலைக்கு வந்தே?" என்று கேட்டார். நான்கு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார். புது அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பிள்ளைகள் சொல்லவில்லை" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"இதுக்குத்தான் பழகுன ஆளு வேணுங்கறது" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் வாய் திறக்கவில்லை. இரவில் பாயில் படுத்துக்கொண்டு, "நீ சொல்லு", "நீயே சொல்லு" என்று ஒருவரையொருவர் தள்ளிவிட்டோம். இப்படியே நான்கு நாள் போயிற்று.

ஐந்தாம் நாள் கோவையிலிருந்து எங்கள் மாமா வந்தார். அவர் அங்கே ஒரு நூற்பாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். அப்பா திரும்பி வந்த துணியை விரித்துக் காட்டி வருத்தப்பட்டார். மாமா பட்டை விழுந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "மாப்ள, அந்தப் புள்ளைக்கு வேல சொல்லிக் குடுத்தது யாருங்க?" என்று கேட்டார்.

அப்பா எங்களைக் காட்டினார்.

மாமா கோபிக்கவில்லை. எங்களைக் குடோனுக்கு அழைத்துப் போய், தார் சுற்றும் மெஷின் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "இப்ப நாந்தான் புதுசா வேலைக்கு வந்த ஆளு. அந்தப் புள்ளைக்கு எப்படிக் காட்டினீங்களோ, அதே மாதிரி எனக்கும் காட்டுங்க கண்ணு" என்றார். நாங்கள் காட்டினோம். கை நடுங்கியது. முடித்ததும் அவர் எழுந்து, இரண்டு மூட்டையிலிருந்தும் ஒவ்வொரு கோன் எடுத்து வந்து, "இதுல எதை மாட்டறது?" என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் சரியான கோனைத் தொட்டோம்.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"அட்டை நுனியில நெறம் இருக்குதுங்களே மாமா."

"இத அந்தப் புள்ளைக்குச் சொன்னீங்களா?"

அதற்கு மேல் நாங்கள் அழுதுதான் பதில் சொன்னோம். கதவருகே நின்றுகொண்டிருந்த அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தப்பு புள்ளைங்களுது மட்டுமில்லீங்க மச்சான். கூட நின்னு காட்ட வேண்டியவன் நானு. புள்ளைங்க மேல போட்டுட்டுப் போயிட்டேன்" என்றார்.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து மாமா சொன்னவற்றை நாங்கள் நோட்டில் எழுதிவைத்தோம். அவர் மேஸ்திரி ஆனபோது, ஆலையில் ஒரு வகுப்பு நடத்தினார்களாம். வேலை கற்றுக்கொள்ளும் வகுப்பு அன்று. வேலையைக் கற்றுக் கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளும் வகுப்பு! "முப்பது வருஷம் வேல தெரிஞ்சவன்கூட, சொல்லிக் குடுக்கத் தெரியாதவனா இருப்பான் கண்ணு. அது தனி வேல" என்றார். அந்த வகுப்பில் சொல்லித் தந்த நான்கு படிகள் இவை.

முதலாவது, வந்தவரை ஆயத்தப்படுத்துவது. அவர் பெயரைக் கேட்டு, பயம் தெளிய வைத்து, இந்த வேலையில் அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரிப்பது. இரண்டாவது, வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் செய்து காட்டுவது. எதில் தவறினால் பொருள் கெடும், எதில் தவறினால் கை போகும் என்பதை அழுத்திச் சொல்வது. மூன்றாவது, அவரையே செய்ய வைப்பது. செய்துகொண்டே, ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதையும் அவர் வாயால் சொல்ல வைப்பது. நான்காவது, அவரைத் தனியே விட்டாலும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று காட்டிவிட்டு, அடிக்கடி வந்து பார்ப்பது. பழகப் பழக வருகையைக் குறைத்துக்கொள்வது.

கேட்டுக்கொண்டே நாங்கள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். முதல் படியை நாங்கள் செய்யவில்லை; பெயரே கேட்கவில்லை. இரண்டாவதில் பாதி. மூன்றாவது இல்லை. நான்காவது நேரத்தில் நாங்கள் தாயம் ஆடிக்கொண்டிருந்தோம்.

பள்ளி திறந்த பிறகு, சிஸ்டர் இந்தத் தலைப்பைக் கொடுத்ததும், மாமா சொன்ன அந்த வகுப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தோம். இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில், 1940-இல் அமெரிக்காவில் தொடங்கிய முறை அது. தொழில் தெரிந்த ஆண்கள் படைக்குப் போய்விட, ஆலை வாசலையே மிதித்திராத பெண்களும் கிராமத்தாரும் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கற்றுத்தர நேரமில்லை. ஆகவே மேற்பார்வை செய்கிறவர்களைக் கூட்டி, மொத்தம் பத்து மணி நேர வகுப்பில், கற்பிக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். வேலை கற்பித்தல், ஆட்களோடு முறையாக நடந்துகொள்ளுதல், வேலை முறையைச் சீர்படுத்துதல் என்று மூன்று பாடங்கள் இருந்தன. கற்றுக்கொள்கிறவர் தவறினால், கற்றுக் கொடுத்தவர் முதலில் தம்மைத்தாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1945-இல் அமெரிக்காவில் அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. ஆனால் போருக்குப் பின் ஜப்பான் அதை எடுத்துக்கொண்டு தன் தொழிற்சாலைகளை வளர்த்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உதவியோடு 1950-களில் இந்தியத் துணி ஆலைகளுக்கும் அது வந்து சேர்ந்தது.

நம் கொங்கு நாடும் இதில் பின்தங்கியதில்லை என்பதைப் படித்தபோது பெருமையாக இருந்தது. 1926-இல் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் தங்கள் குடும்பச் சொத்தில் ஒரு பங்கை அறத்துக்கென்று பிரித்துவைத்து அறநிலையம் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த தொழிற்கூடத்தில் பம்புகள் தயாராகும். அங்கேயே மாணவர்களும் கையில் எண்ணெய்க் கறையோடு தொழில் கற்பார்கள். பள்ளியும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், படிப்பு கைக்கும் இறங்கும் அல்லவா? ஜி.டி. நாயுடு அவர்கள் (1893–1974) 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர், பட்டறையிலேயே கற்றவர். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமைய முன்னின்றார். நீண்ட ஆண்டுகள் இழுக்கும் படிப்பைச் செய்முறையால் வெகுவாகச் சுருக்க முடியும் என்று வாதாடினார். கோவையில் "ஹோப் காலேஜ்" என்று நடத்துனர் கூவும் நிறுத்தத்தின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். 1956-இல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், சிட்ரா என்று எல்லாரும் சொல்வது, நூலையும் துணியையும் சோதிப்பதோடு நில்லாமல், ஆலைத் தொழிலாளிக்கும் மேற்பார்வையாளருக்கும் பயிற்சி கொடுத்து வருகிறது. விசைத்தறிக்காரர்களுக்கென்று சேவை மையங்களும் நடத்துகிறது. 1958-இல் தொழிலாளர் கல்விக்கென்று மத்திய அரசு ஒரு வாரியத்தையே அமைத்தது. யாரிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்பதற்குத் திருவள்ளுவர் "தெரிந்துவினையாடல்" என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார். ஒப்படைத்துவிட்டால் மட்டும் போதாது, ஒப்படைத்ததைச் சொல்லியும் கொடுக்க வேண்டும் என்பதை எங்களுக்கு உணர்த்தியது அந்த 200 மீட்டர் துணி.

ஆனால் பயிற்சி என்ற சொல் எப்போதும் நல்ல பொருளிலேயே வழங்குகிறது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் உறவில் ஓர் அக்கா பத்தாவது முடித்ததும் ஒரு நூற்பாலைக்குப் போனார். எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணத்துக்கு ஆகும்படி ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும் என்றார்கள். "சுமங்கலித் திட்டம்" என்று அதற்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் பகுதியில் ஏராளமான பெண்கள் அப்படிப் போயிருக்கிறார்கள். அறுந்த இழையைப் பிணைக்கும் வேலையை அந்த அக்கா சில மாதங்களிலேயே நன்றாகக் கற்றுக்கொண்டார். ஆனாலும் மூன்று ஆண்டும் அவர் பெயர் "பயிற்சியாளர்" தான். பழகிய தொழிலாளி செய்யும் வேலையையே செய்தார். வாங்கியது பயிற்சியாளருக்கான சம்பளம். திரும்பி வரும்போது தொகை கிடைத்தது. கற்றதற்கு ஒரு சான்றிதழ் கிடைக்கவில்லை.

1961-ஆம் ஆண்டு பயிற்சியாளர் சட்டம், பயிற்சிக்கு ஒப்பந்தம் வேண்டும், காலம் வேண்டும், உதவித்தொகை வேண்டும் என்கிறது. அதே சட்டம், பயிற்சியாளர் தொழிலாளி அல்லர் என்றும் சொல்கிறது. கற்கிறவர்களுக்காக வைத்த அந்தக் கதவின் வழியாகத்தான், கற்பிக்க எண்ணமில்லாத சிலரும் நுழைந்துவிடுகிறார்கள். இதைப் படிக்கும் பெற்றோர் யாரேனும் தங்கள் மகளைப் பயிற்சி என்ற பெயரில் எங்காவது அனுப்ப நேர்ந்தால், "என்ன கற்றுக் கொடுப்பீர்கள்? எத்தனை நாளில்? யார் கற்றுக் கொடுப்பார்? முடிவில் கையில் என்ன தருவீர்கள்?" என்று கேட்டுவிட்டு அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் வகுப்பிலேயே, பத்தாவதுக்குப் பின் படிப்பார்களா, வேலைக்குப் போவார்களா என்று தெரியாத தோழிகள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறோம்.

நல்ல பயிற்சியைப் பார்க்க நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பள்ளித் தையல் சிஸ்டர் புதுத் தையலைக் கற்றுத்தரும்போது, முதலில் தாம் போட்டுக் காட்டுவார். அடுத்து எங்கள் விரலைப் பிடித்துப் போட வைப்பார். பிறகு அதைப் பிரித்துவிட்டு, "இப்போது நீயே போடு" என்று சொல்லிப் பக்கத்தில் நிற்பார். ஒரு பிள்ளை ஆறு தடவை தப்பாகப் போட்டாலும் ஏழாவது தடவையும் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். ஆண்டுதோறும் பயிற்சி ஆசிரியைகள் நம் பள்ளிக்கு வருகிறார்களே, அவர்களையும் நினைத்துப் பார்ப்போம். வண்ண அட்டைகளோடு கை நடுங்க வகுப்பில் நிற்பார்கள். பின் பெஞ்சில் நம் ஆசிரியை உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அந்த நேரத்தில் நாம் செய்யும் குறும்புகளை எண்ணினால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவர்களும் ஒரு தொழிலின் வாசற்படியில் நிற்கும் புது அக்காக்கள்தாமே!

இனி எங்கள் கதையின் மீதியைச் சொல்லிவிடுகிறோம்.

மாமா வந்த மறுநாள் காலையில், அம்மாவோடு நாங்கள் இருவரும் புது அக்காவின் வீட்டுக்குப் போனோம். அவர் வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "வாங்க கண்ணு, வெய்யில்ல வந்திருக்கறீங்களே" என்று பாயை எடுத்துப் போட்டார். நாங்கள் உட்காரவில்லை. நின்றபடியே, "அக்கா, நூல் நம்பரை நாங்கதான் உங்களுக்குச் சொல்லலீங்க. அப்பா திட்டினப்பவும் பேசாம நின்னுட்டோம். மன்னிச்சுக்குங்க்கா" என்றோம். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

அவர் சற்று நேரம் தரையைப் பார்த்தார். "எம்மேலயும் தப்பு இருக்குதுங்க கண்ணு. அன்னைக்கே எனக்குப் பாதி வெளங்கல. மறுக்காக் கேட்டா, இதுகூடத் தெரியலையான்னு நெனப்பீங்களோன்னு, தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

அந்தச் சொல் எங்களை இன்றும் உறுத்துகிறது. வகுப்பில் கணக்குப் புரியாதபோது நாங்களும் அப்படித்தானே தலையாட்டுகிறோம்? "தெரிந்ததா?" என்று கேட்டால் யாரும் "தெரியவில்லை" என்று சொல்லமாட்டார்கள். "செய்து காட்டுங்கள் பார்க்கலாம்" என்று அன்போடு கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

அம்மா, அப்பா கொடுத்தனுப்பிய நான்கு நாள் கூலியை அவர் கையில் கொடுத்தார். புறப்படும்போது நாங்கள் பெயரைக் கேட்டோம். சிரித்துக்கொண்டே சொன்னார். மலரில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால், இங்கே எழுதவில்லை. ஆனால் அன்று முதல் அவரைப் பெயர் சொல்லித்தான் அக்கா என்று அழைக்கிறோம்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தார். அன்று அப்பா கரூர் போகவில்லை. மெஷினண்டை அவரும் உட்கார்ந்து, கோனை எடுப்பது முதல் தாரை அடுக்குவது வரை ஒவ்வொன்றாகக் காட்டினார். குடோன் சுவரில் ஒரு சிறிய கரும்பலகை மாட்டி, எந்த நிற நுனி எந்த நம்பர், எந்தத் தறிக்கு எது என்று நாங்கள் சாக்பீஸால் எழுதினோம். அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், எழுத்துக்குப் பக்கத்திலேயே அந்தந்த நிறத்தையும் தீட்டினோம். இப்போது எங்கள் குடோனில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. புதிதாக யார் வந்தாலும் முதல் வாரம் பழகும் வாரம். அந்த வாரத்துக்கும் முழுக் கூலி உண்டு. அந்த வாரத்தில் கெட்டுப்போவதற்குப் பிடித்தம் இல்லை. "இது நட்டமில்லீங்களா?" என்று பக்கத்துக் குடோன்காரர் கேட்டதற்கு அப்பா, "திரும்பி வந்த துணிய விட இது கம்மிதானுங்க" என்றார்.

அரையாண்டு விடுமுறையில் இன்னொரு பெண் வேலைக்கு வந்தார். அப்பா எங்களைக் கூப்பிடவில்லை. அக்காவையே காட்டிக் கொடுக்கச் சொன்னார். நாங்கள் கதவோரம் நின்று பார்த்தோம். அக்கா முதலில், "உம் பேரு என்ன சாமி?" என்று கேட்டார். பிறகு இரண்டு கோன்களைக் கையில் கொடுத்து, தடவிப் பார்க்கச் சொன்னார். நுனி நிறத்தைக் காட்டினார். ஒரு தார் சுற்றிக் காட்டினார். எல்லாம் முடிந்ததும், "தெரிஞ்சுதா?" என்று அவர் கேட்கவில்லை.

"இப்ப நீ எனக்குச் சொல்லிக் குடு, பாக்கலாம்" என்று சொல்லி, அவர் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

— பத்தாம் வகுப்பு மாணவி, வெள்ளகோவில்